வைத்தியரும் நோயாளர் மொழியும்

(செஞ்சியில் நடைபெற்ற நம் சங்கத்து ஆண்டுக் கூட்டத்தில், மருத்துவமும் செவிலியர் கல்வியும் பயிலச் செல்லும் மாணவ மாணவியரைப் பாராட்டும்பொருட்டு நிகழ்த்திய சொற்பொழிவு)



பள்ளியில் தமிழ் கற்பிக்கும் எளியேனை, மருத்துவம் பயிலப் போகும் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை சொல்லுமாறு காரியதரிசி அவர்கள் பணித்தார்கள். நாடி பிடிக்கத் தெரியாத நான் வைத்தியம் படிப்பார்க்கு என்ன சொல்லவல்லேன் என்று முதலில் தயங்கினேன். பின்னர், நான் அறிந்த பொருளுக்கும் அவர்கள் அறியப்போகும் பொருளுக்கும் இடையே ஒரு பாலம் உண்டென்பது நினைவிற்கு வந்தது. அப்பாலம் மொழியே. ஆதலின், நோயாளர் பேசும் மொழியை வைத்தியர் கற்றல் எவ்வளவு இன்றியமையாதது என்பதையும், அதனைக் கற்கும் வகை யாது என்பதையும் பற்றி என் சிற்றறிவுக்கு எட்டிய அளவில் கூற முற்படுகிறேன்.

நாம் கூடியிருக்கும் இவ்வூர் பல மொழிகளைக் கேட்ட ஊர். இராஜகிரியின் உச்சியில் தெலுங்கு பேசிய நாயக்கர் இருந்தனர். பின் பீஜப்பூரார் வந்தனர். 1677-இல் சிவாஜி மன்னர் கைப்பற்ற மராட்டியம் ஒலித்தது. 1698-இல் முகலாயர் வந்தனர். 1750-இல் பிரெஞ்சுக்காரரும், 1761-இல் ஆங்கிலேயரும் இக்கோட்டையைக் கொண்டனர். 2025-இல் உலகப் பாரம்பரியச் சின்னங்களுள் ஒன்றாக இது சேர்க்கப்பட்ட பின்னர், இன்னும் பல தேசத்தார் பாஷைகளை நம் கடைத்தெருவில் கேட்கிறோம். வந்த அரசர் எவரும் குடிகளின் தமிழை முற்றக் கற்ற பின்னர்தான் ஆண்டார் என்று சொல்வதற்கில்லை. இடையே துபாஷிகள் இருந்தனர். புதுச்சேரியில் துய்ப்ளேக்குத் துபாஷியாயிருந்த ஆனந்தரங்கப் பிள்ளையவர்கள் 1736 தொடங்கி எழுதிவைத்த நாட்குறிப்பு, அத்தொழிலின் பெருமையை இன்றும் நமக்குக் காட்டுகின்றது.

துபாஷியைக் கொண்டு வரி வாங்கலாம், உடன்படிக்கை செய்யலாம், போரும் நடத்தலாம். துபாஷியைக் கொண்டு வைத்தியம் செய்யலாமோ? செய்யலாம், செய்யவேண்டிய சமயமும் உண்டு. ஆனால் அது கண்ணாடிக்குள் இருக்கும் கனியைத் தடவிப் பார்ப்பது போன்றது. வடிவம் தெரியும், கனிந்ததோ காயோ என்பது தெரியாது.

நம் முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தனர். திருக்குறளில் மருந்து என்னும் அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாக வகுக்கின்றது: நோயுற்றவன், தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து உதவுவோன். அந்நால்வகையுள் முதலில் வைக்கப்பட்டவன் நோயாளியே என்பதைக் கவனிக்க வேண்டும். நோய் இன்னது என்று நாடி அறிந்தபின், அதன் காரணத்தையும் தணிக்கும் வழியையும் ஆராய்க என்றும் வள்ளுவர் பணிக்கிறார். நாடி அறிவது எங்ஙனம்? சித்த வைத்தியர் எண்வகைத் தேர்வு என்று கூறுவர். நாடி, ஸ்பரிசம், நா, நிறம், மொழி, விழி, மலம், மூத்திரம் என்பன அவை. எட்டனுள் ஒன்று மொழி! நோயாளி பேசும் பேச்சும் குரலும் சோதனைப் பொருள்கள் என்று அவர்கள் கொண்டனர். இரத்தத்தைச் சோதிக்கும் கருவி பழுதுபட்டிருந்தால் அதைக் கொண்டு சோதிக்க எந்த வைத்தியரும் துணியார். மொழி என்னும் கருவி பழுதாயிருக்கும்போது மட்டும் துணிகின்றோம்.

இனி நான் சொல்லப் போவது என் குடும்பத்தில் நிகழ்ந்தது. இதனைப் பொதுச் சபையில் இதுவரை நான் சொன்னதில்லை.

பதினான்கு ஆண்டுகளுக்கு முன் ஓரிரவு, என் அன்னையார் உண்டு முடித்துத் திண்ணையில் அமர்ந்திருந்தார். அவருக்கு அப்போது அறுபத்திரண்டு வயது. நெடுநாளாகச் சர்க்கரை வியாதி உண்டு. “ஏம்பா, நெஞ்சுல வாய்வு பிடிச்சாப்போல இருக்குது” என்றார். முகத்தில் வேர்வை கண்டு, வண்டி பிடித்து ஒரு நகரத்து மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றேன். எந்த நகரம், எந்த மருத்துவமனை என்பது வேண்டா. அங்கே இரவுப் பணியில் வடநாட்டு இளைஞர் ஒருவர் இருந்தார். நல்ல பிள்ளை, பொறுமையுள்ளவர், தமிழிலும் பத்துச் சொற்கள் கற்றிருந்தார். “வலி இருக்கா அம்மா?” என்று தமிழிலேயே கேட்டார். என் அன்னையார், “வலி இல்ல தம்பி, அழுத்துது, பின்னாலே முதுகைப் பிடிச்சு இழுக்குது” என்றார். அவ்விளைஞர் செவியில் விழுந்தது ‘வலி இல்லை’ என்ற மட்டுமே. மற்றச் சொற்களுக்காக என் முகத்தைப் பார்த்தார்.

அன்பர்களே, அந்த இடத்தில் துபாஷி நான். புலவர் பட்டம் பெற்றவன். வகுப்பில் ஒரு சொல்லுக்கு ஏழு பொருள் சொல்பவன். என் அரைகுறை ஆங்கிலத்தில் ‘கேஸ்’ என்று ஒரே சொல்லில் முடித்தேன். அன்னையார் ‘வாய்வு’ என்றாரே, அதனை மொழிபெயர்த்தேன் என்பது என் எண்ணம். ‘போல இருக்கிறது’ என்ற உவம உருபை விட்டுவிட்டேன். ‘அழுத்துகிறது’ என்பதையும், ‘முதுகை இழுக்கிறது’ என்பதையும் விட்டுவிட்டேன். வயிற்றெரிச்சலுக்கு மருந்து கொடுத்து எங்களை வீட்டிற்கு அனுப்பினார்கள். விடியற்காலையில் அன்னையார் மயங்கி விழுந்தார். வேறோரிடத்தில் ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தபோது, அது முன்னிரவே தொடங்கிய மாரடைப்பு என்றார்கள். உயிர் தப்பினார், ஆயினும் இருதயத்தில் ஒரு பாகம் செயலிழந்துவிட்டது. அதன்பின் கிணற்றடிக்கு நடந்தாலும் அவருக்கு மூச்சு வாங்கும். இரண்டாண்டுகள் இருந்து காலமானார்.

யார்மேல் குற்றம் சொல்வேன்? நோயாளியின் சொல்லை மேலும் துருவிக் கேட்க இயலாத வைத்தியர் ஒருபுறம். தெரிந்த சொல்லைச் சரியாக எடுத்துக் கொடுக்காத மகன் மறுபுறம். பெண்டிர்க்கும் சர்க்கரை வியாதியுடையோர்க்கும் மாரடைப்பு வரும்போது, கதையிற் கேட்பது போல் மார்பைப் பிளக்கும் வலி வராமலே இருக்கலாம் என்றும், முதுகிலும் தாடையிலும் இழுப்பு, குமட்டல், வேர்வை, அளவிறந்த சோர்வு என்று வரக்கூடும் என்றும் பின்னர் அறிந்தேன். என் அன்னையார் தம் நோயைச் சரியாகவே சொன்னார். கேட்ட நாங்கள்தாம் செவிடராயிருந்தோம்.

இதனால் எனக்கு ஒன்று விளங்கிற்று. ‘வலி’ என்னும் ஒரு சொல்லைக் கற்றவர் நோயாளரின் மொழியைக் கற்றவராகார். நம் ஊர்ப்புறத்து மக்கள் வலியை எத்தனை வகையாகச் சொல்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். குத்துகிறது, குடைகிறது, உளைகிறது, கடுக்கிறது, எரிகிறது, காந்துகிறது, பிசைகிறது, இழுக்கிறது, அழுத்துகிறது, அடைக்கிறது, சுருக்கென்கிறது, விண்விண்ணென்று தெறிக்கிறது. இவை ஒன்றற்கொன்று மாற்றிச் சொல்லத்தக்கன அல்ல. சீழ் கோத்த கட்டி விண்விண்ணென்று தெறிக்கும்; அது பிசையாது. வயிறு பிசையும், மூட்டு பிசையாது. குளிர் காலத்தில் எலும்பு குடையும். சிறுநீர் கழிக்கையில் எரியும், அல்லது கடுக்கும். நோயின் இடமும் இயல்பும் வினைச்சொல்லிலேயே அடங்கிக் கிடக்கின்றன. இதனை ‘வலி’ என்று சுருக்கி எழுதிக்கொள்ளும் வைத்தியர், வாசனையால் அறியவேண்டிய மலரைக் காகிதத்தில் வரைந்து பார்ப்பவர் ஆவர்.

இனி, ஒரு சொல் பல பொருளாய் மயக்கும் இடங்களும் உண்டு. ‘மயக்கம்’ என்று ஒருவர் சொன்னால், அது தலைச்சுற்றலாகலாம், கண் இருளுதலாகலாம், நினைவு தப்புதலாகலாம், சிலர் வாயில் அது குமட்டலையும் குறிக்கும். ‘இளைக்கிறது’ என்றால் மூச்சு வாங்குதல். ‘இளைத்துவிட்டான்’ என்றால் உடல் மெலிதல். ‘நெஞ்சு’ என்பது மார்பையும் குறிக்கும், தொண்டையையும் குறிக்கும், மனத்தையும் குறிக்கும். ‘கால் வலி’ என்றால் இடுப்புக்குக் கீழே பெருவிரல் வரையில் எங்கும் இருக்கலாம், ‘கை’யும் அப்படியே. ‘நீர்’ என்னும் சொல்லைப் பாருங்கள்: தலையில் நீர் கோத்துக்கொண்டது என்றால் ஜலதோஷம், நீர் இறங்கவில்லை என்றால் சிறுநீர்க் கட்டு, காலில் நீர் வைத்திருக்கிறது என்றால் வீக்கம், நிறைமாதத்தாள் நீர் உடைந்தது என்றால், அக்கணமே பிரசவ அறைக்குக் கொண்டு செல்லவேண்டும்.

மூன்றாவதாக, நாணத்தாலும் மரியாதையாலும் மறைத்துச் சொல்லும் வழக்குகள். ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்று மாமியார் சொன்னால் மருமகள் கருவுற்றிருக்கிறாள் என்பது பொருள், குளிக்கவில்லை என்பதன்று. ‘வீட்டுக்குத் தூரம்’ என்றால் தொலைவன்று, மாதவிடாய். ‘வெளிக்குப் போகவில்லை’ என்றால் வீட்டை விட்டு வெளியே போகவில்லை என்பதன்று, மலச்சிக்கல். ‘அம்மை வார்த்திருக்கிறது’ என்று சொல்லும் குடும்பத்தார் அதனை நோய் என்று சொல்லவும் கூசுவர். இலக்கணத்தில் இடக்கரடக்கல் என்றும் மங்கலம் என்றும் நாம் படித்தவை ஏட்டில் மட்டும் இருப்பன அல்ல. அவை மருத்துவமனை வாயிலில் நாள்தோறும் நடமாடுகின்றன. அவற்றை அறியாத வைத்தியர் கேள்வியும் கேட்டுப் பதிலும் பெற்று, ஒன்றும் அறியாமல் நோயாளியை அனுப்பக்கூடும்.

இது தமிழுக்கு மட்டும் உரிய சங்கடம் என்று எண்ண வேண்டா. அமெரிக்காவில் ஸ்பானிய மொழி பேசுவோர் கோடிக்கணக்கில் வாழ்கிறார்கள். 1980-ஆம் ஆண்டு அந்நாட்டுப் புளோரிடா மாகாணத்தில் பதினெட்டு வயது இளைஞன் ஒருவன் நினைவிழந்த நிலையில் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டான். கியூபா நாட்டிலிருந்து குடியேறிய அவன் குடும்பத்தார் ‘இண்டாக்ஸிகாதோ’ என்று ஒரு சொல் சொன்னார்கள். தின்றதோ குடித்ததோ உடம்புக்கு ஒவ்வாமற் போயிற்று என்பதே அவர்கள் கருதிய பொருள். ஆங்கிலத்தில் அதனை ஒத்து ஒலிக்கும் சொல்லுக்கோ போதையேறியவன் என்பது பொருள். மருத்துவர்கள் போதை மருந்து மிகையாயிற்று என்று கொண்டு, அதற்கேற்ற சிகிச்சை செய்தார்கள். உண்மையில் அவன் மூளையில் இரத்தக் கசிவு ஏற்பட்டிருந்தது. அது தெரியவருமுன் நாட்கள் கழிந்தன. கைகால் நான்கும் செயலற்றுப் போயின. ஒலியில் ஒத்த இரு சொற்கள் ஓர் உயிரை முடமாக்கின. அங்கு ஒருவரும் மொழிபெயர்ப்பாளரை அழைக்கவில்லை. ஏனெனில் இரு சாராரும் தமக்குப் புரிந்துவிட்டதென்றே எண்ணினர். மொழி சிறிதும் தெரியாதவன் துணை தேடுவான். சிறிது தெரிந்தவன் தேடமாட்டான். அரைகுறை அறிவு அறியாமையினும் கொடிதாவது இவ்விடத்தில்தான். அந்நாட்டில் இப்போது மருத்துவ மாணவர்க்கும் செவிலியர்க்கும் மருத்துவ ஸ்பானியம் என்று தனியே பயிற்சி நடைபெறுகின்றது. சிறு பிள்ளைகளைக் கொண்டு மொழிபெயர்க்கலாகாது, பேராபத்து வேளை நீங்கலாக, என்று 2016-ஆம் ஆண்டு விதியும் செய்தார்கள்.

இனி, இக்கடமையை முழுதும் செய்துகாட்டிய ஒருவரைக் கூறுகிறேன். அவர் தமிழரல்லர். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாகாணத்து வூஸ்டரில் 1822-இல் பிறந்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் வைத்தியர். 1847-இல் கிறிஸ்தவ மிஷனைச் சார்ந்து யாழ்ப்பாணம் வந்தார். மறு ஆண்டு மானிப்பாயில் வைத்தியம் செய்யவும் மாணாக்கரைப் பயிற்றவும் தொடங்கினார். அவர் தமிழ் கற்றார். நோயாளிகளோடு பேசும் அளவோடு அமையவில்லை. மேனாட்டு வைத்தியத்தையே தமிழில் கற்பிக்கவேண்டும் என்று துணிந்தார். முதலில் ஆங்கிலத்திற் பயிற்றியவர், பின்னர்த் தமிழ் வாயிலாகவே பயிற்றினார். அவரிடம் பயின்றோர் அறுபதின்மருக்கு மேற்பட்டவர்.

அதற்கு நூல்கள் வேண்டுமல்லவா? 1852-இல் உடற்கூறு, உடற்றொழில், சுகாதாரம் இவற்றைப் பற்றிய நூலொன்றைத் தமிழில் வெளியிட்டார். 1867-இல் இரண வைத்தியம் வந்தது. 1872-இல் மனுஷ அங்காதிபாதம் என்ற பெயரில், கிரே என்பாரது புகழ்பெற்ற உடற்கூற்று நூல் தமிழாயிற்று. 1875-இல் கெமிஸ்தம் என்ற இரசாயன நூலும், 1883-இல் மனுஷ சுகரணமும் வந்தன. அவர் எழுதியும் மேற்பார்த்தும் வெளிவந்த மருத்துவத் தமிழ்ப் பக்கங்கள் நாலாயிரத்திற்கு மேற்படும்.

அவர் சொற்களை ஆக்கிய முறை தமிழாசிரியர் யாவரும் போற்றத்தக்கது. முதலில் தமிழில், நாட்டு வைத்தியரிடை வழங்கும் சொல் உண்டோ என்று தேடுவது. இல்லாவிடில் வடமொழியில் தேடுவது. அங்கும் கிடையாவிடில் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதிக்கொள்வது. இரணம் முதல் வகையில் நம்மவர் நாவில் பழகிய சொல். அங்காதிபாதம் வடமொழிச் சார்பானது. கெமிஸ்தம் மூன்றாம் வகை. நூற்பெயர்களிலேயே அவர் வைத்த மூன்று படிகளும் விளங்குகின்றன. 1873-இல் உடல் நலிந்து தாய்நாடு திரும்பிய பின்னரும் தமிழ்ப் பணியை விட்டாரில்லை. 1884-இல் வூஸ்டரில் காலமானார். அவர் கல்லறையில், தமிழர்க்கு மருத்துவ ஊழியர் என்னும் பொருள்படப் பொறிக்கப்பட்டிருக்கின்றது. பிறந்த ஊர்க்காரர் படிக்கும் கல்லில் நம் இனத்தின் பெயர்! கடல் கடந்து வந்து நம் மொழியைக் கற்ற அவரை எண்ணும்போது, நம் வீட்டில் பிறந்த பிள்ளை ‘எனக்குத் தமிழில் சொல்ல வராது’ என்று சொல்வது எவ்வளவு நாணத்தக்கது!

நம் செஞ்சிக்கு அணித்தான திண்டிவனத்திலும் ஒரு நிகழ்ச்சி உண்டு. 1890-களின் தொடக்கத்தில், மிஷன் வைத்தியர் ஜான் ஸ்கட்டர் அங்கிருந்தார். இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்த அவர் மகளார் ஐடா, படிப்பு முடித்துத் தாய் தந்தையரைக் காண வந்திருந்தார். ஓரிரவில் மூவர், ஒருவர் பின் ஒருவராக வந்து, தத்தம் மனைவியர் பிரசவ வேதனையில் இருப்பதாகச் சொல்லி ஐடாவை அழைத்தனர். நான் வைத்தியம் அறியேன், என் தந்தையை அழைத்துச் செல்லுங்கள் என்றார். ஆடவர் வந்து பார்ப்பது கூடாது என்று மூவரும் திரும்பிப் போயினர். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டனர். அதன்பின் ஐடா அம்மையார் அமெரிக்கா சென்று 1899-இல் மருத்துவம் கற்று முடித்து, வேலூருக்கு வந்து, 1918-இல் பெண்கள் மருத்துவப் பள்ளியையும் தொடங்கினார். இதனை ஏன் சொன்னேன்? மருந்து திண்டிவனத்திலேயே இருந்தது, வைத்தியரும் இருந்தார். நோயாளிக்கும் வைத்தியருக்கும் இடையே இருந்த சுவர்தான் மூன்று உயிரைக் கொண்டுபோயிற்று. அன்று அச்சுவர் வழக்கம்; இன்று பல இடங்களில் அச்சுவர் மொழி.

இக்காலத்து நிலைமையைப் பாருங்கள். அரசாங்க மருத்துவக் கல்லூரிகளில் எம்.பி.பி.எஸ். படிப்பிற்குரிய இடங்களில் நூற்றுக்குப் பதினைந்து அகில இந்திய ஒதுக்கீட்டிற்கு உரியன. ஆதலால், வடநாட்டுப் பிள்ளைகள் நம் மாவட்டங்களுக்கு வருகிறார்கள். நம் பிள்ளைகளும் பிற மாகாணங்களுக்குச் செல்கிறார்கள். இது நன்றே. 2019-இல் புதுக்கிய பாடத்திட்டத்தில், முதலாண்டுத் தொடக்கத்திலேயே மொழிப் பயிற்சியும் சேர்க்கப்பட்டது. வந்த பிள்ளைகளை நாம் குறை கூறலாகாது. அவர்கள் தமிழ் கற்க நாம் துணை நிற்கவேண்டும். கடைக்காரரும், விடுதிச் சமையற்காரரும், நோயாளியும் அவர்க்கு ஆசிரியரே.

நம் செவிலியப் பெண்கள் பலர் ஜெர்மனிக்குப் போக ஆயத்தமாகின்றனர். அங்கு மொழியறிவை ஏ-1 முதல் சி-2 வரை ஆறு படியாக வகுத்திருக்கிறார்கள். செவிலியர் பி-2 என்னும் நான்காம் படியை எட்டியிருத்தல் வேண்டும். மருத்துவர்க்கோ தொழில்மொழித் தேர்வு ஒன்று தனியே உண்டு. இருபது நிமிஷம் நோயாளியோடு உரையாடல். இருபது நிமிஷம் கேட்டதை முறைப்பட எழுதுதல். இருபது நிமிஷம் மற்றொரு மருத்துவருக்கு எடுத்துரைத்தல். என்ன அழகான தேர்வு! கேட்டல், எழுதல், உரைத்தல் என்னும் மூன்றும் அதில் அடங்கின. ஜெர்மானியக் கிழவரின் முழங்கால் வலியை அறிய நாம் மாதக்கணக்கில் உழைத்து அவர் மொழியைக் கற்கிறோம். மேல்மலையனூர்ப் பக்கத்துக் கிழவியின் ‘உளைச்சல்’ இன்னதென்று அறிய எத்தனை நாள் செலவிட்டோம்? தமிழ் வீட்டிற் பிறந்தும் பள்ளியில் தமிழைக் கைவிட்ட பிள்ளைகளையே இவ்வினா முதலில் சாரும்.

இனி, கற்கும் வகை. யான் மொழியாசிரியனாதலின் இதுபற்றிச் சிறிது துணிந்தே சொல்வேன்.

முதலாவது, செவியிலிருந்து தொடங்குக. உறுப்புப் பெயர்களைப் பட்டியலாக உருப்போடுவதற்கு முன், நோயாளர் வாயிலிருந்து வரும் வினைச்சொற்களைக் கேட்டெழுதுக. சட்டைப்பையில் ஒரு சிறு ஏடு இருக்கட்டும். ஒரு நாளைக்கு மூன்று சொல் போதும். ஓராண்டில் ஆயிரம் சொல்லுக்கு மேல் சேரும்.

இரண்டாவது, ஆம் இல்லை என்று முடியும் வினாவை முதலிற் கேட்காதிருக்க. ‘வலி இருக்கிறதா?’ என்பதைவிட, ‘உடம்பு என்ன செய்கிறது?’ என்பது நல்ல வினா. நோயாளியை ஒரு நிமிஷம் இடைமறிக்காமல் பேசவிடுக. பிறகு, எங்கே, எப்போது தொடங்கிற்று, என்ன செய்தால் தணிகிறது, எதனால் மிகுகிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்க. ‘எங்கே?’ என்று கேட்டபின் கையால் தொட்டுக் காட்டச் சொல்க. சொல் மயக்கினும் விரல் மயக்காது.

மூன்றாவது, முறை சொல்லி அழைக்கக் கற்க. ‘ஐயா’, ‘அம்மா’, ‘பாட்டி’, ‘அண்ணா’ என்னும் சொற்கள் மருந்துப் பெட்டியில் இல்லாத மருந்துகள். முதியவரை ‘நீ’ என்று ஒருமையில் விளித்தால், அவர் வாய் மூடிக்கொள்வார். உடன் நோயின் வரலாறும் மூடிக்கொள்ளும்.

நான்காவது, சொல்லியதைத் திரும்பச் சொல்லச் சொல்க. ‘மூன்று வேளை’ என்றால் இரவுணவில்லாதவர் இரு வேளையே உண்பர். ‘வெறும் வயிற்றில்’ என்றால் காப்பி குடித்தபின் என்று கொள்வாரும் உளர். ‘புரிந்ததா?’ என்று கேட்டால் எல்லோரும் தலையசைப்பர். ‘வீட்டிற்குப் போய் இந்த மாத்திரையை எப்படிச் சாப்பிடுவீர்கள், எனக்குச் சொல்லுங்கள்’ என்று கேட்டால்தான் புரிந்ததும் புரியாததும் வெளிப்படும். இது நோயாளிக்கு வைக்கும் பரீட்சையன்று. சொன்ன நமக்கே பரீட்சை.

ஐந்தாவது, தன் எல்லையை அறிக. நலம் விசாரிக்கும் அளவு மொழி தெரிந்தவர், அறுவைச் சிகிச்சைக்கு உடன்பாடு பெறும் அளவு தெரிந்தவராகார். கையொப்பம் வாங்குமிடத்தும், தீராத நோயென்று தெரிவிக்குமிடத்தும், இரு மொழியும் நன்கறிந்த செவிலியரையோ வேறு தக்காரையோ அழைக்க நாணற்க. தாயின் கருப்பை நோயை மகன் வாயிலாகக் கேட்காதிருக்க. அவள் பாதியை மறைப்பாள், அவன் மற்றப் பாதியை மறைப்பான். கைப்பேசியில் மொழிபெயர்க்கும் கருவி வந்துவிட்டதே என்பீர்கள். கடைக்கு வழி கேட்க அது உதவும். ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்பதை அதனிடம் சொல்லி, வருவதைப் பார்த்து, பின் நம்பலாமா என்று தீர்மானியுங்கள்.

நோயாளராகச் செல்லும் நமக்கும் ஒரு கடமை உண்டு. வைத்தியரிடம் நோயின் பெயரைச் சொல்லாதீர்கள்; உடம்பு படும் பாட்டைச் சொல்லுங்கள். வாய்வு, சூடு, பித்தம் என்பன நாமே முடிவு கட்டிய பெயர்கள். ‘வாய்வு’ என்ற ஒரு சொல் என் அன்னையாரின் மாரடைப்பை ஓரிரவு முழுதும் மறைத்து வைத்தது. துணைக்குச் செல்பவர் நோயாளி சொன்னதைச் சொன்னபடியே சொல்லுங்கள், சுருக்காதீர்கள், அழகுபடுத்தாதீர்கள். ‘போல இருக்கிறது’ என்றால் ‘போல’ என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். இலக்கண ஆசிரியன் ஒருவன் பெருவிலை கொடுத்துக் கற்ற பாடம் இது.

முடிவாக, நம் சங்கத்திற்கு ஒரு விண்ணப்பம். நம் குடும்பங்களில் எழுபது எண்பது வயதுடைய தாத்தா பாட்டிமார் இருக்கிறார்கள். உடம்பைப் பற்றிய பழஞ்சொற்கள் அவர்கள் நாவில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அவர்களுக்குப் பின் அவற்றைக் கேட்பதரிது. இங்குப் பாராட்டுப் பெறும் பிள்ளைகள் ஒவ்வொருவரும், கல்லூரி செல்லுமுன், தம் வீட்டு மூத்தோர் இருவரிடம் அமர்ந்து, ஐம்பது சொற்களாவது எழுதி வரவேண்டும். சொல், அதன் பொருள், எந்நோயில் வழங்குவது என்று மூன்று பத்தியாக எழுதினால் போதும். அவற்றை நான் ஒழுங்குபடுத்தித் தருகிறேன். சங்கம் அச்சிட்டு, நம் மாவட்டத்துக்குப் பயில வரும் பிற மாநிலப் பிள்ளைகளுக்கும் விலையின்றி வழங்கட்டும். அச்சாகும் நாளில், அந்த ஏட்டின் முதற்பக்கத்தில் ‘அழுத்துகிறது’ என்ற சொல் இருக்கவேண்டும் என்பது என் ஒரே விருப்பம். அதன் எதிரே, ‘வலி இல்லை என்று நோயாளி கூறினும், உடனே மாரைச் சோதிக்க’ என்று எழுதியிருக்கட்டும்.

பிள்ளைகளே, நீங்கள் எத்தேசம் சென்று எம்மொழியார்க்கு மருத்துவம் செய்தாலும், அவர் நாவில் இருக்கும் சொல்லைக் கேட்கும் செவியோடு செல்லுங்கள். கை ராசி என்று நம்மவர் சொல்வர். அக்கை ராசிக்கு முந்தியது காது ராசி. அது உங்களுக்கு வாய்ப்பதாகுக!